யோகலிங்கத்துக்குக் கேட்காத கரகரப்பு

விசுவமடுச் சந்தியைத் தாண்டிப் புதுக்குடியிருப்புப் பக்கம் போகும்போது, இடது கைப் பக்கம் தகரம் போட்ட பட்டறை ஒன்று வரும். பெயர்ப்பலகை கிடையாது. பாதி கழற்றிய இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று எந்த நாளும் வாசலில் நிற்கும். உள்ளே இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற ஒரேயொரு லேத். நெளுக்குளத்தில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், மழையில் நனைந்து துருவேறிக் கிடந்த அதை யோகலிங்கம் 2011ஆம் ஆண்டு வாங்கி வந்தார். ஓட வைக்க ஏழு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரைக்கும் உடைந்த தண்டு, தேய்ந்த அச்சு என்று எது வந்தாலும் சனம் அவரிடம்தான் கொண்டு வந்தது.

அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. தகப்பன் தென்மராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்து நெல் விதைத்தவர். மகனுக்கு வயலில் மனம் ஒட்டவில்லை. பதினெட்டு வயதில் கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தவர்தான், இடம்பெயர்ந்த காலங்களைத் தவிர இரும்பை விட்டு விலகியதே இல்லை.

அவருடைய பெயர் ஊருக்குள் நின்றது கையால் மட்டுமல்ல, காதாலும்தான். தண்ணீர்ப் பம்பைக் கொண்டு வந்தால், "ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோ" என்பார். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பார். பிறகு, "பின் பெயாரிங் தேய்ஞ்சு போட்டுது. மற்றதெல்லாம் நல்லாயிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். சனம் இதை ஒரு வித்தை மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தது. அவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தார்.

ஆனால் அந்தக் காது போய்விட்டிருந்தது. வலது காது 2009 இலேயே ஷெல் சத்தத்தில் அடைத்தது, பிறகு திறக்கவில்லை. இடது காதை வைத்துச் சமாளித்துக்கொண்டு வந்தார். கடைசி இரண்டு வருடமாக அதுவும் மங்கிக்கொண்டு போனது. ஆட்கள் கதைப்பது கேட்கும், அதுவும் முகத்தைப் பார்த்தால். மெல்லிய சத்தங்கள், கூரான சத்தங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அவர் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவி இராசேஸ்வரிக்கும் சொல்லவில்லை. பம்பைக் கொண்டு வந்தால் முன்னைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பம்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அதிர்வை வைத்து ஊகித்துச் சொன்னார். முக்கால்வாசி சரியாக வந்தது. மிச்சத்துக்கு ஒரு சாட்டுச் சொன்னார்.

பட்டறையில் அவரோடு நான்கு வருடமாக வேலை செய்தவள் ஜெயரூபினி. சிலாவத்தைக்காரி, வயது முப்பத்து மூன்று. தகப்பன் கடலோடு போனவர். தாய் புனிதமும் அவளும்தான் வீட்டில். கிளிநொச்சியில் தொழிற்பயிற்சிக்குப் போய் லேத் வேலை படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சான்றிதழோடு எத்தனையோ இடம் ஏறி இறங்கினாள். "பில் எழுத ஆள் தேவை, வாறியளோ?" என்றுதான் கேட்டார்கள். யோகலிங்கம் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, "இதை இருபத்தைஞ்சு மில்லிமீற்றருக்குக் கடைஞ்சு காட்டு" என்றார். கடைந்து காட்டினாள். அளந்து பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வா" என்றார். பெண்பிள்ளைக்கு லேத்தைக் கொடுத்த மனிசன் என்று ஊர் கதைத்தபோது அதிலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அதனால்தான் பிறகு நடந்தது அவருக்கு அவ்வளவு கேவலமாகப் போனது.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு யாக்கோப்பு வந்தார். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை வைத்திருக்கிற சம்மாட்டி. இப்போது கரைவலையைக் கையால் இழுப்பதில்லை. உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்கிறார்கள். அந்த உருளையின் தண்டு உப்புத் தின்று தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று கடைய வேண்டும். யோகலிங்கம் அந்த வேலையை ஜெயரூபினியிடம் கொடுத்தார்.

நீளமான தண்டைக் கடையும்போது ஒரு முனையை லேத்தின் தலை பிடித்துச் சுற்றும். மறுமுனையை ஒரு கூர்முனை தாங்கி நிற்க வேண்டும். அந்தக் கூர்முனையும், உள்ளே இருக்கிற பெயாரிங் குண்டுகளில், தண்டோடு சேர்ந்து சுற்றும். அதற்கு லைவ் சென்ரர் என்று பெயர். அது ஆடாமல் அசையாமல் சுற்றினால்தான் தண்டு வட்டமாக வரும்.

ஜெயரூபினி பாதி கடைந்துவிட்டு லேத்தை நிறுத்தினாள்.

"யோகண்ணை, சென்ரர் கரகரக்குது. ஒருக்கா வந்து கேளுங்கோ."

யோகலிங்கம் வந்து நின்றார். அவள் லேத்தை ஓடவிட்டாள். அவர் கண்ணை மூடினார். மோட்டாரின் உறுமல் மட்டும் தூரத்து லொறி போலக் கேட்டது. கரகரப்பு எதுவும் இல்லை. அவருக்கு இல்லை.

"ஒண்டுமில்லை. செய்."

"இல்லை அண்ணை, வடிவாய்க் கேக்குது. தண்டிலயும் அலை விழுது. இஞ்ச பாருங்கோ."

தண்டின் அந்த முனையில் மீன் செதில் மாதிரி ஒரு வரி ஓடியிருந்தது. யோகலிங்கம் அதைப் பார்த்தார். விரல் நகத்தால் தடவினார். நகம் தடக்குப்பட்டது. அப்போது அவருக்கு உள்ளே ஏதோ பிழை என்று பட்டது. ஆனால் சென்ரரைக் கழற்றினால், இந்தப் பிள்ளைக்குக் கேட்டது தனக்குக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். இரும்பைத் தேய்க்கிற எமரித் தாளை எடுத்துக் கொடுத்தார்.

"தேய்ச்சு விடு. மினுங்கும். கரையில மணலுக்குள்ள கிடக்கப் போறதுக்கு உது தாராளமாக் காணும்."

"தேய்ச்சால் மினுங்கும் அண்ணை. வட்டம் வராது."

"நான் நாற்பது வருசம் இரும்பு கடைஞ்சவன். மெசின்ர சத்தத்தை நீ எனக்குச் சொல்லித்தாறியோ?"

அடுத்த நாள் தண்டின் மற்றப் பக்கத்தைக் கடைந்தபோதும் அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தேய்த்த தண்டு கண்ணாடி மாதிரி மினுங்கியது. யாக்கோப்பு சந்தோசமாகக் கொண்டு போனார்.

வைகாசியில், வற்றாப்பளைக் கோயில் பொங்கல் முடிந்த கிழமை, ஒரு காலை நேரம், யாக்கோப்பு ஓட்டோவில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு பேர் அந்தத் தண்டைத் தூக்கி வந்தார்கள். வின்ச் பெயாரிங் இருந்த இடம் எரிந்து நீலமாகியிருந்தது. முந்தின நாள் விடிய, வலை நிறைய மீனோடு பாதி தூரம் வந்த நேரம் உருளை இறுகி நின்றுவிட்டது. நீரோட்டம் வலையைப் பக்கவாட்டில் இழுத்தது. இருபது பேர் கயிற்றில் விழுந்து இழுத்தும் வலையின் மடி கிழிந்து மீன் முழுக்கப் போய்விட்டது. யாக்கோப்பின் மருமகன் யூட்சனின் உள்ளங்கை கயிறு உரஞ்சித் தோலுரிந்து போயிருந்தது.

"என்ன யோகலிங்கம் செய்து தந்தனீங்கள்? தண்டு வட்டமாயே இல்லையெண்டு முல்லைத்தீவில அளந்து சொல்லிப்போட்டாங்கள். உங்கட கையெண்டு நம்பித்தானே விசுவமடு வரைக்கும் வந்தனான்?"

பட்டறையில் அன்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உழவு இயந்திரக்காரர், பம்ப் கொண்டு வந்தவர்கள். எல்லோரும் யோகலிங்கத்தைப் பார்த்தார்கள். அந்த ஒரு கணத்தில் அவர் யோசித்துச் செய்யவில்லை. பிறகு அதைப் பற்றி எத்தனை தரம் யோசித்தாலும், வாய் தானாகத் திறந்தது என்றுதான் அவருக்குத் தோன்றும். ஆனால் வாய் அவருடையதுதான்.

"அதை நான் கடையேல்லை அண்ணை," என்றார். "அது ரூபினி செய்த வேலை."

லேத்தின் பக்கத்தில் நின்ற ஜெயரூபினி அவரைப் பார்த்தாள். இவர் அடுத்த வசனம் சொல்வார் என்று அவள் காத்து நின்றது அவருக்குத் தெரிந்தது. கரகரப்பைப் பற்றி, எமரித் தாளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று. அவர் குனிந்து ஒரு ஸ்பானரை எடுத்தார்.

யாக்கோப்பு அவளைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட கரைப் பிள்ளையெண்டு பார்த்தால், எங்கட வயித்திலயே அடிச்சுப்போட்டாய். பொம்பிளையிட்ட லேத்தைக் குடுத்தால் உப்பிடித்தான்."

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். ஜெயரூபினி கையைத் துடைத்தாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் கொழுவினாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீதிக்கு ஏறினாள். பஸ் வர முக்கால் மணித்தியாலம் இருந்தது. அந்த முக்கால் மணித்தியாலமும் அவள் வெயிலில் நின்றதை யோகலிங்கம் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிடவில்லை.

ஆவணி மாதம் அப்புத்துரை என்ற வயல்காரர் ஆழமான கிணற்றுப் பம்பின் நீளத் தண்டு ஒன்றைக் கொண்டு வந்தார். யோகலிங்கம் தானே கடைந்தார். கடைந்து நிறுத்திப் பார்த்தபோது, அதே முனையில் அதே செதில்.

முதலில் வெட்டும் கத்தியில் பழியைப் போட்டார். தீட்டிப் பூட்டினார், செதில் விழுந்தது. வேகத்தைக் குறைத்தார், கத்தியைத் தாங்குகிற சறுக்குத் தளத்தின் ஆணிகளை இறுக்கினார். செதில் விழுந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இந்த முறை பழியைக் கொடுக்க ஆளும் இல்லை. லேத்தை மெதுவாக ஓடவிட்டு, சென்ரரின் உடம்பில் விரல் நுனிகளை வைத்தார். நாற்பது வருடம் இரும்பைத் தொட்ட விரல்கள். உள்ளே மணலைப் போட்டு நெரிப்பது மாதிரி இருந்தது.

லேத்தை நிறுத்தி, சென்ரரைக் கழற்றி மேசையில் வைத்தார். கூர்முனையைக் கையால் சுற்றினார். கால்வாசி சுற்றுக்கு ஒருமுறை தடக்கியது. இழுத்துப் பார்த்தால் முன்னும் பின்னும் ஆடியது. ஒரு குழந்தைக்கும் தெரிகிற ஆட்டம். ஜெயரூபினி கேட்டபோது அரை நிமிடம் கழற்றிப் பார்த்திருந்தால் போதும்.

முன்மூடியைக் கழற்றப் போனவர் கையை எடுத்தார். மூடியின் விளிம்பிலும் உடம்பின் விளிம்பிலும், எதிரெதிரே இரண்டிரண்டு புள்ளிகள் குத்தியிருந்தன. திருப்பிப் பூட்டும்போது நேர் பார்க்க அவர் எப்போதும் குத்துகிற புள்ளிகள். இதை முன்னம் ஒருமுறை திறந்தவர் அவரேதான்.

அப்போது அவருக்கு எல்லாம் நினைவு வந்தது. 2022. எண்ணெய் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம். மின்சாரம் விட்டு விட்டு வந்தது. சென்ரரின் பெயாரிங் போய், கொழும்பிலிருந்து சாமான் வராமல், வவுனியாவில் ஒருவரிடம் பாவித்த பெயாரிங் ஒன்றை வாங்கி வந்து, மின்சாரம் நிற்கப் போகிறது என்ற அவசரத்தில் பூட்டினார். பூட்டிவிட்டு, "வெளிநாட்டுச் சாமானை நானே திருத்திப்போட்டன்" என்று வாறவன் போறவனுக்கெல்லாம் சொன்னார்.

மூடியைக் கழற்றி, கூர்முனையை ஒரு மரக்கட்டையில் தட்டி வெளியே எடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவினார். கறுத்த கிறீஸ் கரைந்து போனபின் பெயாரிங் தெரிந்தது. முன்னால் இருக்கிற அந்தப் பெரிய பெயாரிங் ஒரு பக்கத்துத் தள்ளலைத்தான் தாங்கும். அதன் வெளி வளையத்தில் ஒரு விளிம்பு தடிப்பு, மற்றது மெல்லிசு. தண்டு பின்னுக்குத் தள்ளுகிற தள்ளல் தடித்த விளிம்பில் போய் இருக்க வேண்டும். அதனால் தடித்த பக்கம் பின்னுக்கு வர வேண்டும். இங்கே அது முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபக்கமாகப் பூட்டியிருந்தார். மூன்று வருடம் முழுத் தள்ளலையும் பின்னாலிருந்த சின்னப் பெயாரிங் தாங்கி, அதன் குண்டுகளில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தது.

தொழில் பழக வந்து மூன்றாம் மாதத்தில் ஒருவன் விடுகிற பிழை அது.

யோகலிங்கம் மர வாங்கில் போய் இருந்தார். அப்புத்துரை தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்து, "என்ன யோகண்ணை, வருத்தமோ?" என்று கேட்டபோதும் எழும்பவில்லை. தண்டு கெட்டது சென்ரரால். சென்ரர் கெட்டது தன்னால். அது தெரியாமல் செய்தது என்றாவது சொல்லலாம். ஆனால் நகம் தடக்குப்பட்டபோது தெரிந்ததே? எமரித் தாளை எடுத்துக் கொடுத்த கைக்குத் தெரிந்ததே?

அடுத்த நாள் வவுனியாவுக்குப் பஸ் ஏறினார். இரண்டு புதுப் பெயாரிங் வாங்கினார். கடைக்காரர் காகிதத்தில் சுற்றும்போது, "தடிச்ச பக்கம் எது, மெல்லிசுப் பக்கம் எதெண்டு தெரியுந்தானே அண்ணை?" என்று சும்மா கேட்டார். யோகலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி காசை எண்ணிக் கொடுத்தார்.

பட்டறைக்கு வந்து கதவைப் பாதி சாத்திவிட்டு வேலை தொடங்கினார். உள்ளறையைத் துணியால் துடைத்தார். ஒரு தூசி இருக்கக் கூடாது என்று மூன்று தரம் துடைத்தார். தடித்த பக்கத்தைப் பின்னுக்கு வைத்து, வெளி வளையத்தில் மட்டும் படும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டி இறக்கினார். புதுக் கிறீஸ் வைத்தார். மூடியைச் சிறிது சிறிதாக இறுக்கினார். ஆட்டம் நிற்கவும் வேண்டும், சுற்று இறுகவும் கூடாது. கூர்முனையில், மயிரிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டுகிற டயல் மானியை வைத்துச் சுற்றினார். முள் ஏறக்குறைய அசையவேயில்லை.

அப்புத்துரையின் தண்டை மறுபடி கடைந்தார். எமரித் தாள் படாமலே மினுங்கியது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவ்வளவு வடிவான கடைச்சல். ஆனால் அதைக் கையில் வைத்திருந்தபோது அவருக்குச் சந்தோசம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இதைக் கொடுத்திருந்தால் அவளும் இப்படித்தான் கடைந்திருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் இராசேஸ்வரியிடம் சொன்னார். முதலில் காதைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியவில்லை.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "பக்கத்து வளவுக்கும் கேக்கிற மாதிரி ரீவியை வைச்சுக்கொண்டு இருக்கிற மனிசனுக்குக் காது நல்லாய்க் கேக்குதெண்டு நான் நினைச்சிருப்பனோ? நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்." பிறகு மற்றக் கதையையும் கேட்டாள். கேட்டு முடிந்ததும் கத்தியை வைத்தாள். "அந்தப் பிள்ளை வெயிலுக்க நிண்டது எண்டு சொன்னியள். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப என்னட்டச் சொல்லி என்ன பிரியோசனம்?"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் சிலாவத்தைக்குப் போனார். அதற்கு முந்திய ஞாயிறும் போனவர்தான். முள்ளியவளை வரைக்கும் போய், ஒரு கடையில் சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்த முறை வாசல் வரைக்கும் போனார்.

புனிதம் வெளியே வந்தார். ஆளை அடையாளம் கண்டதும் முகம் மாறியது. முன்பெல்லாம் வந்தால், "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போடுகிறவர். இன்று வேலிப் படலையிலேயே நின்றார்.

"என்ன வேணும்?"

"ரூபினியோட ஒரு கதை கதைக்கோணும், அக்கா."

"அவா பூசை முடிஞ்ச கையோட வேலைக்குப் போட்டா. நண்டு வாங்கிற இடத்தில. நண்டு உடைக்கிறா." பிறகு சொன்னார்: "ரெண்டு பட்டறையில கேட்டவா. வின்ச் தண்டுக் கதை இவாவுக்கு முதலே அங்க போய்ச் சேர்ந்திட்டுது."

யோகலிங்கம் வேலியோரம் நின்றார். ஒரு மணித்தியாலம் கழித்து ஜெயரூபினி வந்தாள். விரல்களில் நண்டு ஓடு கீறிய காயங்கள், துணி சுற்றியிருந்தது. அவரைக் கண்டும் நடையை நிறுத்தவில்லை. படலைக்குள் போய்த்தான் திரும்பினாள்.

வழி முழுக்க யோசித்து வைத்த கதையை விட்டுவிட்டு, யோகலிங்கம் நேரே விசயத்துக்கு வந்தார்.

"சென்ரரைக் கழட்டினனான், பிள்ளை," என்றார். "முன் பெயாரிங் மறுபக்கமாப் பூட்டிக் கிடந்தது. பூட்டினது நான்தான். தண்டில பிழை உன்னில இல்லை."

"அது எனக்குத் தெரியும்."

"ஓம்."

"நான் ரெண்டு தரம் சொன்னனான்."

"எனக்குக் கேக்கேல்லை. காது ரெண்டு வருசமாப் போட்டுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அவள் அவருடைய முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அதில் இரக்கம் வருமோ என்று அவர் பயந்தார். வரவில்லை.

"கேக்கேல்லையோ, கேக்க விருப்பமில்லையோ?"

"ரெண்டும்தான்," என்றார் யோகலிங்கம். "தண்டை நகத்தால தடவின உடனயே பிழையெண்டு எனக்கு விளங்கினது. உன்ர சொல்லில சரி இருக்கெண்டு ஒத்துக்கொள்ள வெக்கமாயிருந்தது."

"அந்த வெக்கத்தை எனக்குத் தந்திட்டியள்."

புனிதம் உள்ளே பானை ஒன்றை வைத்த சத்தம் மெதுவாகக் கேட்டது, அல்லது கேட்டது போல இருந்தது.

"இதை எனக்குச் சொல்லி என்ன?" என்றாள் ஜெயரூபினி. "என்னைப் பழி சொல்லேக்க ஏழெட்டுப் பேர் நிண்டவை. இப்ப நீங்களும் நானும் வேலியும்தான் நிக்கிறம்."

அங்கிருந்து நேரே கரையில் யாக்கோப்பு வலையும் சாமானும் வைக்கிற கொட்டிலுக்கு, அவருடைய வாடிக்குப் போனார். கரையில் வலை திருத்திக்கொண்டு பதினைந்து பேர் அளவில் இருந்தார்கள். யூட்சனும் இருந்தான், உள்ளங்கையில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. யோகலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று சொன்னார். குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை. கூடத்தான் வந்திருக்கும், ஏனென்றால் அடுத்த வாடியிலிருந்தவர்களும் எழும்பிப் பார்த்தார்கள். சென்ரர், பெயாரிங், எமரித் தாள், காது, எல்லாம் சொன்னார். "பிள்ளை வேண்டாம் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல நான்தான் தேய்ச்சு அனுப்பினனான்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

யாக்கோப்பு ஊசியை வலையில் குத்தி வைத்தார். "என்ர வலை போனதை விடுங்கோ. அது போனது போனது. அண்டைக்கு அந்தப் பிள்ளையைப் பாத்து நான் சொன்ன சொல்லு இருக்கே, அதை நான் எங்க கொண்டு போய்க் கழுவிறது? கோயிலில ஒவ்வொரு ஞாயிறும் அவா எனக்கு முன் வாங்கில இருக்கிறா."

"தண்டை நான் திருப்பிச் செய்து தாறன் அண்ணை. ரூபினி வந்தால்..."

"அவாவைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அதையும் அப்போதுதான் உணர்ந்தார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, ஜெயரூபினி பட்டறைக்கு வந்தாள். யாக்கோப்பு அவளுடைய வீட்டுக்குப் போய்க் கதைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. என்ன கதைத்தார் என்று அவளும் சொல்லவில்லை, யோகலிங்கமும் கேட்கவில்லை. மேலங்கி அதே ஆணியில் இருந்தது. போட்டுக்கொண்டாள். முதல் வேலையாக லைவ் சென்ரரைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். லேத்தில் பூட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உடம்பைத் தொட்டாள்.

"சூடாகுது. எப்பன் கூட இறுக்கியிருக்கிறியள்."

யோகலிங்கம் தொட்டுப் பார்த்தார். ஓம், சூடு. மூடியை ஒரு மயிரிழை தளர்த்தினாள். திரும்ப ஓடவிட்டாள். பிறகு யாக்கோப்புக்கான புது வின்ச் தண்டைத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் முடிந்தது. முன்பு எப்போதும் இருந்து சாப்பிடுகிற இடத்திலேயே இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "நான் திருப்பி வேலைக்கு வரேல்லை, யோகண்ணை. கிளிநொச்சியில அரிசி ஆலை மெசின் செய்யிற ஒரு இடத்தில ஆள் கேட்டிருக்கினம். நாலு வருசம் இஞ்ச வேலை செய்தனான் எண்டு கடிதம் வேணும். தண்டு விசயமும் அதில இருக்கோணும். அந்தக் கதை அங்கயும் போயிருக்கும்."

அவர் மேசையில் இருந்து எழுதினார். எழுதத் தெரிந்த மனிசன்தான், ஆனாலும் நேரம் எடுத்தது. அவள் வாங்கி வாசித்தாள். அதில் இப்படி இருந்தது: 'இயந்திரத்தில் ஏற்பட்ட கோளாறு காரணமாகத் தண்டில் குறை ஏற்பட்டது.'

"கோளாறு தானாகவோ ஏற்பட்டது?"

யோகலிங்கம் அந்தத் தாளைத் திரும்ப வாங்கினார். வாடியில் பதினைந்து பேருக்கு முன்னால் வாயால் சொன்னவர். வாயால் சொன்னதைக் காற்றுக் கொண்டு போகும். கடுதாசியில் கிடப்பது கிடக்கும் என்று அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் கை 'கோளாறு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வேறு தாளை எடுத்தார். 'லைவ் சென்ரரின் பெயாரிங்கை நான் பிழையாகப் பூட்டியிருந்தேன். சென்ரர் சரியில்லை என்று ஜெயரூபினி இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. பின்பு பழியை அவர் மீது போட்டேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்து, பெயரும் எழுதினார்.

அவள் வாசித்தாள். மடித்து, சாப்பாட்டுப் பெட்டி இருந்த பைக்குள் வைத்தாள். "வாறன்," என்றாள். அன்றைக்குப் பஸ் உடனே வந்தது.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. யோகலிங்கம் இப்போதும் அதே லேத்தில்தான் வேலை செய்கிறார். பம்பைக் கொண்டு வருகிறவர்களிடம், "எனக்குக் காது கேக்காது, கழட்டித்தான் பாக்கோணும்" என்கிறார். சிலர் பகிடி என்று நினைக்கிறார்கள். சிலர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

போன மார்கழியில் கிளிநொச்சியில் பெயாரிங் கடை ஒன்றில் அவளைக் கண்டார். நீலச் சீருடை போட்டு, கையில் பட்டியலோடு நின்றாள். கூட இரண்டு பெடியள் வந்திருந்தார்கள், அவர்களிடம் இவரைக் காட்டி, "இவர் யோகண்ணை. நான் முதல் வேலை செய்த பட்டறை" என்று மட்டும் சொன்னாள். பெடியள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அவள் மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கேட்க வந்த சாமானின் இலக்கத்தை மறந்துபோய், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் வாங்கிக்கொண்டு வெளியே போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.